சுளுக்கு ஆறியும் கணுக்கால் மடங்கவில்லை: இழுப்பதும் அழுத்துவதும் என்ன செய்யும்?

வாசகி ஒருவரின் கடிதம்:

வணக்கம். எனக்கு வயது 41. நாலு மாதத்துக்கு முன்பு படி இறங்கும்போது வலது பாதம் உள்பக்கமாகப் புரண்டுவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, ஜவ்வில் கிழிசல் இருக்கும் என்றார்கள். வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் படி இறங்கினால் கணுக்காலின் முன்பக்கம் இறுக்கிப் பிடிக்கிறது. குத்தவைத்து உட்கார்ந்தால் வலது குதிகால் மட்டும் தரையில் படிவதில்லை. இப்போது ஒரு மாதமாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது அதே குதிகாலில் குத்துகிறது. பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போகிறேன். பாதத்தைப் பிடித்து அழுத்துகிறார், தன் இடுப்பில் பெல்ட் மாட்டிக்கொண்டு என் காலை இழுக்கிறார். அன்றைக்கு நன்றாக இருக்கிறது, மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி. உறவினர் ஒருவர், "எலும்பு விலகியிருக்கும், நெட்டி எடுத்தால் சரியாகிவிடும்" என்கிறார். இந்தச் சிகிச்சை உண்மையில் என்னதான் செய்கிறது? எத்தனை நாள் போக வேண்டும்? சத்தம் வந்தால்தான் பலனா? வீட்டில் என் கணவரே பிடித்துவிடலாமா?

பிசியோதெரபிஸ்ட்டின் பதில்:

முதலில் அந்த எலும்பு விலகல் விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் எலும்பு விலகவில்லை. கணுக்கால் மூட்டு உண்மையிலேயே விலகினால் பாதத்தின் வடிவமே மாறிப்போகும், காலை ஊன்றவே முடியாது. நாலு மாதமாகப் படி ஏறி இறங்கிக்கொண்டிருக்க வாய்ப்பே இல்லை. விலகாத எலும்பை உள்ளே தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. அதுமட்டுமல்ல, நெட்டி எடுக்கிறேன் என்று பாதத்தை உள்பக்கமாக முறுக்கினால், அன்று கிழிந்த அதே வெளிப்பக்க ஜவ்வுதான் திரும்பவும் இழுபடும். உறவினரின் அக்கறைக்கு நன்றி சொல்லிவிட்டு, காலை மட்டும் அவர் சொல்லும் ஆளிடம் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் ஏன் பிடிக்கிறது? இரு பக்கமும் புடைத்துத் தெரியும் கணு எலும்புகளுக்கு நடுவே டாலஸ் என்று ஓர் எலும்பு இருக்கிறது. உடம்பின் முழு எடையும் அதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. ஆனால் அதில் ஒரு தசைகூட ஒட்டியிருக்காது. சுற்றியுள்ள எலும்புகளும் ஜவ்வுகளும் எப்படித் தள்ளுகின்றனவோ அப்படித்தான் அது நகரும். அதன் மேல்பரப்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும், ஓர் ஆப்பைப் போல இருக்கும். பாதத்தைத் தரையில் வைத்து முழங்காலை முன்னால் கொண்டுபோகும்போது இந்த எலும்பு கொஞ்சம் பின்னால் வழுக்கி இடம் கொடுக்க வேண்டும். சுளுக்குக்குப் பிறகு பலருக்கு இந்தப் பின்வழுக்கல்தான் குறைகிறது. வீக்கம், மூட்டுறையின் இறுக்கம், வலிக்குப் பயந்து தசைகள் பிடித்துவைத்துக்கொள்வது என்று காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

படி இறங்கும்போது மட்டும் ஏன் என்று யோசித்திருப்பீர்கள். நீங்கள் இடது காலைக் கீழ்ப்படிக்கு எடுத்துப்போகும் நேரத்தில், மேல்படியில் நிற்கும் வலது காலின் முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னால் போகிறது. சமதரையில் நடப்பதைவிடக் கணுக்கால் அங்கே அதிகமாக மடங்க வேண்டியிருக்கிறது. குத்தவைத்து உட்காரும்போது இன்னும் அதிகம். மடங்க இடமில்லாத கணுக்கால் குதிகாலைத் தூக்கித் தப்பித்துக்கொள்கிறது. நீங்கள் எழுதியிருப்பது இதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

இனி உங்கள் பிசியோ செய்வதைப் பார்ப்போம். படுக்கவைத்துப் பாதத்தை அழுத்துகிறார் என்றால், பெரும்பாலும் தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள மடிப்பை உங்கள் கணுக்காலின் முன்பக்கம், கெண்டைக்கால் எலும்பு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே பதித்து, டாலஸை நேர் பின்னாகத் தள்ளித் தள்ளி விடுகிறார். இதற்கு அளவுகள் உண்டு. ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெய்ட்லாண்ட் வகுத்த முறையில் முதல் இரண்டு அளவுகள் மூட்டின் இறுக்கத்தைத் தொடாமல் மெதுவாக ஆட்டுபவை. வலி அதிகமாக இருக்கும் காலத்துக்கு அவை. மூன்றும் நான்கும் இறுக்கம் தட்டுகிற எல்லைவரை போகும். வலி குறைந்து விறைப்பு மட்டும் மிஞ்சியிருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அவைதான் பொருத்தம். உங்கள் பிசியோ முதல் வாரத்தைவிட இப்போது கொஞ்சம் அழுத்தமாகச் செய்கிறார் என்று தோன்றினால் அது சரியான போக்குதான்.

பெல்ட் வேறு கதை. அது நியூசிலாந்தின் பிரையன் மல்லிகன் பிரபலப்படுத்திய முறை. நோயாளி சும்மா படுத்திருக்க மாட்டார், அசைவில் பாதி அவருடையது. நீங்கள் பாதத்தைப் பலகைமேல் ஊன்றி நிற்கிறீர்கள். பெல்ட் உங்கள் கெண்டைக்காலின் பின்பக்கம், கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றியிருக்கிறது. மறுமுனை அவர் இடுப்பில். அவர் கைகளால் டாலஸை அசையாமல் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு, இடுப்பைப் பின்னால் சாய்த்துக் கெண்டைக்கால் எலும்பை முன்னுக்கு இழுக்கிறார். அதே நேரத்தில் நீங்கள் முழங்காலை முன்னால் வளைக்கிறீர்கள். பத்துத் தடவை போல.

இந்த முறையில் கறாரான ஒரு விதி உண்டு: செய்யும்போது வலிக்கவே கூடாது. வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் அந்த முன்பக்க இறுக்கம், அவர் கை வைத்திருக்கும்போது வராமல் இருக்க வேண்டும். வந்தால் அவர் இழுக்கும் திசையைச் சற்று மாற்றிப் பார்க்க வேண்டும். அப்படியும் வந்தால் அந்த முறை உங்களுக்கு இல்லை. "வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பலன்" என்று யாராவது சொன்னால் அவர் செய்வது இந்த முறையே அல்ல. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்திருந்தால் அடுத்த முறை அவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் இருந்தால் அவருக்குத் தெரிய வழியில்லை.

சரி, அன்று நன்றாக இருந்தது மறுநாள் ஏன் போய்விடுகிறது? நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். பத்து நிமிடக் கைவேலையில் மூட்டுறையோ ஜவ்வோ நிரந்தரமாக நீண்டுவிடாது. ஒரு காலத்தில் இந்தச் சிகிச்சைகள் எலும்பின் இருப்பைச் சரிசெய்கின்றன என்று விளக்கினார்கள். இப்போது அப்படி உறுதியாகச் சொல்பவர்கள் குறைவு. பலனில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்தின் வழியாக வருகிறது என்பதே இன்றைய பார்வை. மூட்டு வலியில்லாமல் அசைவதை உணர்ந்ததும் வலி தணிகிறது, பிடித்துவைத்திருந்த தசைகள் தளர்கின்றன, கணுக்கால் கொஞ்சம் கூடுதலாக மடங்குகிறது. இது உண்மையான பலன்தான், ஏமாற்று அல்ல. ஆனால் தற்காலிகமானது. கிடைத்த அந்தக் கூடுதல் மடங்கலை அன்று மாலையும் மறுநாள் காலையும் நீங்கள் பயன்படுத்தினால்தான் அது உங்களிடம் தங்கும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெல்ட் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, பயிற்சி என்ற பேச்சையே காணோம். பிசியோ சொல்லித்தரவில்லையா, சொல்லித்தந்த தாள் பைக்குள்ளேயே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. (இரண்டாவது என்றால் கவலைப்படாதீர்கள், அந்தத் தாள்களில் பெரும்பாலானவற்றின் தலைவிதி அதுதான்.) கணுக்கால் சுளுக்குக்கான அமெரிக்க பிசியோதெரபி வழிகாட்டுதல் 2013இல் வந்தது, 2021இல் புதுப்பிக்கப்பட்டது. அது கைச்சிகிச்சையை (மேனுவல் தெரபி) பரிந்துரைக்கிறது, ஆனால் பயிற்சியோடு சேர்த்துத்தான். என் அனுபவமும் அதையேதான் சொல்கிறது. கைச்சிகிச்சை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். குணமாக நேரமாகும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நாள்கணக்கு சொல்வதைவிட ஓர் அளவுகோல் தருகிறேன். அதைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். பெருவிரல் சுவரை நேராகப் பார்க்கட்டும். குதிகாலைத் தூக்காமல் முழங்காலை வளைத்துச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி மறுபடி. குதிகால் தரையிலிருக்க, முழங்கால் சுவரை மட்டுமட்டாகத் தொடுகிற கடைசி இடத்தில் நிறுத்தி, பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பாதம் உள்ளே சரிவதும் முழங்கால் பக்கவாட்டில் ஒதுங்குவதும் திருட்டு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பலருக்கு 10 சென்டிமீட்டர் சுற்றுவட்டாரத்தில் வரும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் உங்கள் இடது காலோடு ஒப்பிடுவதுதான் நியாயம். ஒரு சென்டிமீட்டர் என்பது கணுக்காலில் ஏறக்குறைய மூன்றரை டிகிரி. வலது கால் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பின்தங்கியிருந்தால் அது பேசவேண்டிய வித்தியாசம்.

இதை மூன்று நேரங்களில் அளக்க வேண்டும்: சிகிச்சைக்குப் போகும் முன், வந்தவுடன், மறுநாள் காலை. வந்தவுடன் எண் ஏறவே இல்லையென்றால் அந்தக் கைமுறை உங்கள் மூட்டுக்குச் சரியாக அமையவில்லை. ஏறி மறுநாள் இறங்கினால் பயிற்சி போதவில்லை. மறுநாள் எண் வாரத்துக்கு வாரம் கொஞ்சமாவது ஏறுகிறதென்றால் தொடருங்கள். நாலைந்து சிகிச்சைக்குப் பிறகும் மறுநாள் எண் அதே இடத்தில் நின்றால், அதையே செய்துகொண்டிருப்பதில் அர்த்தமில்லை. இரண்டு காலும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டால் கைச்சிகிச்சையை நிறுத்திவிடலாம், பயிற்சியை அல்ல.

அளக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கே தடை தட்டுகிறது? கெண்டைக்காலின் பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் தசை இறுக்கம், அதற்கு நீட்டல் பயிற்சியே பெரும்பாலும் போதும். கணுக்காலின் முன்பக்கம் முட்டுவது போலிருந்தால் மூட்டு வழுக்கல் பிரச்சினை, அங்கேதான் கைச்சிகிச்சைக்கு வேலை. நீங்கள் முன்பக்கம் என்கிறீர்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: முன்பக்கத்தில் கூர்மையாகக் குத்தினால் அதைமீறி மடக்கி மடக்கிப் பழக்காதீர்கள். மூட்டின் முன்விளிம்பில் திசுவோ சிறு எலும்பு வளர்ச்சியோ நசுங்குவதாலும் அப்படி வரலாம். அதை மேலும் நசுக்கினால் கோபித்துக்கொள்ளும்.

பயிற்சியில் முதலாவது அந்தச் சுவர்ப் பயிற்சியேதான். உங்கள் எல்லைக்கு ஒரு விரல்கிடை முன்னால் பாதத்தை வைத்து, முழங்காலால் சுவரைத் தொட்டுத் தொட்டு மீளுங்கள். ஒரு வேளைக்கு 15 தடவை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. அடுத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. இரண்டு காலில் தொடங்கி ஒற்றைக் காலுக்கு வாருங்கள். மூன்றாவது ஒற்றைக் காலில் நிற்பது. இதை எல்லோரும் விளையாட்டாக நினைக்கிறார்கள், நான் மூன்றிலும் இதைத்தான் கடைசிவரை விடவேண்டாம் என்பேன். ஜவ்வு கிழியும்போது பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் அடிபடுகிறது. ஒரு முறை புரண்ட கால் மறுபடி புரள்வது அதனால்தான். சமநிலைப் பயிற்சி மறுசுளுக்கைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இந்த உணர்வை வெளியிலிருந்து யார் கையும் கொடுக்க முடியாது. பல் தேய்க்கும்போது முப்பது விநாடி வலது காலில் நில்லுங்கள், தொடக்கத்துக்கு அது போதும்.

சத்தத்தைப் பற்றி. மூட்டைத் திடீரென்று பிரிக்கும்போது உள்ளிருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழி உண்டாவதோடு சேர்ந்து வருவதுதான் அந்த 'டக்'. எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் அல்ல. பயிற்சி பெற்ற பிசியோ சிலநேரம் பாதத்தை இரு கையாலும் கோத்துப் பிடித்து நீளவாக்கில் ஒரு சின்ன வேகமான இழுப்பு கொடுப்பதுண்டு, அது முறையான சிகிச்சைதான். சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் பலனில் வித்தியாசமில்லை. அளவுகோலை நம்புங்கள், காதை அல்ல.

குதிகால் வலிக்கு வருகிறேன். காலையில் முதல் அடியில் குத்தி, கொஞ்சம் நடந்ததும் தணிவது உள்ளங்கால் சவ்வு பிரச்சினையின் அடையாளம். குதிகாலிலிருந்து விரல்கள்வரை ஓடும் அந்தத் தடித்த பட்டைதான் பாத வளைவைத் தாங்குகிறது. கணுக்கால் சரியாக மடங்காதவர்களுக்கு இது வருவதற்கான வாய்ப்பு அதிகம் என்பது தெரிந்த விஷயம். ஆகவே உங்களுக்கு இரண்டும் ஒரே காலில் வந்திருப்பது தற்செயலாக இருக்காது என்றே நினைக்கிறேன். எக்ஸ்ரேயில் குதிகால் முள் தெரிகிறது என்று யாராவது பயமுறுத்தினால் பதறாதீர்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அது உண்டு. அதை அழுத்திக் கரைக்கவும் முடியாது.

இங்கே பெரும்பாலோர் செய்வது, வலிக்கிற புள்ளியைத் தேடிப்பிடித்துக் கட்டைவிரலால் குத்திக் குத்தி அழுத்துவது. அழுத்தும்போது சுகமாக இருக்கும், மறுநாள் குதிகாலின் மெத்தைப் பகுதி கன்றிப்போய் வலி கூடும். பலன் தருகிற கைவேலை குதிகாலில் இல்லை, கெண்டைக்காலில்தான். கூடவே ஒன்றை நீங்களே செய்யலாம். காலையில் தரையில் கால் வைப்பதற்கு முன்பே, வலது காலை இடது தொடைமேல் போட்டுக்கொண்டு, ஒரு கையால் விரல்களை முழங்காலை நோக்கிப் பின்னுக்கு மடக்குங்கள். மறு கையின் பெருவிரலால் உள்ளங்காலைத் தடவிப் பாருங்கள், ஒரு நாண் விறைத்து நிற்பது தெரியும். தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பத்து விநாடி, பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. இரண்டு வாரம் போனதும், குதிகால் உயர்த்தும் பயிற்சியைச் சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்துச் செய்யுங்கள், ஏற மூன்று விநாடி, மேலே இரண்டு, இறங்க மூன்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இந்த வலி அடங்க மாதங்கள் ஆகும், அதைத் தெரிந்துகொண்டே தொடங்குவது நல்லது.

கை வைக்கவே கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. உங்களுக்கு இவை இருப்பதாக எழுதவில்லை, இருந்தும் சொல்லிவைக்கிறேன். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு ஒரு பாதம் மட்டும் சிவந்து சூடாகி வீங்கினால், வலி இல்லாவிட்டாலும் அது அவசரம். உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தப் பாதத்தைப் பிசையவும் கூடாது, அதன்மேல் நடக்கவும் கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிக் கனத்து வலித்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், உருவிவிடக் கூடாது. குதிகாலுக்குப் பின்னால் யாரோ உதைத்தது போல ஒரு அடி விழுந்து, அதன்பின் ஒற்றைக் கால் நுனியில் எழும்ப முடியாமல் போனால் தசைநாண் அறுந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களும் (ஆஸ்டியோபோரோசிஸ்) ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களும் கை வைக்கும் முன்பே பிசியோவிடம் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் கவனிக்கச் சொல்வது வேறு. கணுக்காலின் ஆழத்தில் வலி, கொஞ்சம் நடந்தாலே திரும்ப வீங்குவது, சிலசமயம் மூட்டு சிக்கிக்கொள்வது, இவை இருந்தால் டாலஸின் குருத்தெலும்பு அடிபட்டிருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தப்பிவிடும். அப்போது எலும்பு மருத்துவரைப் பார்த்து எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். அதேபோல, கால் விறைப்பாக இல்லாமல் அடிக்கடி பிசகிக்கொண்டே இருந்தால் உங்கள் மூட்டு இறுகியிருக்கவில்லை, தளர்ந்திருக்கிறது. தளர்ந்த மூட்டை மேலும் இழுத்துத் தளர்த்துவது வீண்வேலை.

கடைசியாக, உங்கள் கணவர். டாலஸைத் தள்ளும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். கெண்டைக்காலைப் பிடித்துவிடட்டும். நீங்கள் குப்புறப் படுத்துக் கணுக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் தசை தளர்ந்திருக்கும். குதிகாலிலிருந்து முழங்காலை நோக்கி ஐந்து நிமிடம், நீங்கள் மூச்சைப் பிடிக்கத் தேவையில்லாத அழுத்தத்தில். அது முடிந்த சூட்டோடு சுவர்ப் பயிற்சி.

பெல்ட்டுக்குப் பதிலாக வீட்டில் ரப்பர் பேண்ட் பயன்படுத்தலாம். பேண்டை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கணு எலும்புகளுக்கு மேலே, கெண்டைக்கால் எலும்பின் முன்பக்கம் மாட்டிப் பின்னால் இழுத்தால் கெண்டைக்கால் எலும்பு பின்னால் போகும், நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். பேண்ட் கணு எலும்புகளின் நுனிக்குக் கீழே, பாதம் தொடங்குகிற அந்த மடிப்பில் ஒட்டி உட்கார வேண்டும். பாதத்தை ஒரு படிமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் பின்னால் உட்கார்ந்து பேண்டைப் பின்னாகவும் சற்றுக் கீழாகவும் பிடித்திருக்கட்டும், நீங்கள் முழங்காலை முன்னால் கொண்டுபோய் மீளுங்கள். வலிக்கக் கூடாது என்ற விதி இங்கேயும் உண்டு. முதல் தடவையை உங்கள் பிசியோ முன்னால் செய்துகாட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் அளக்கும்போதும் அவர் கூட இருப்பது நல்லது. நாம் எண்ணைக் கூட்டும் ஆசையில் குதிகாலை அறியாமலே தூக்கிவிடுவோம். குதிகாலுக்கு அடியில் ஒரு தாளை வைத்து அவர் லேசாக இழுத்துப் பார்க்கட்டும். தாள் உருவி வந்துவிட்டால் அந்த அளவு செல்லாது, பாதத்தை முன்னால் நகர்த்தி மறுபடி அளந்துகொள்ளுங்கள்.